மேகலாவின் மூளை விழிக்கும் நேரம்

குன்னத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் மக்காச்சோளம் போட்டிருந்த அய்யம்பெருமாள், விடியற்காலை நாலு மணிக்கு மேல் படுத்திருப்பவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார். தான் எழுந்தால் போதுமா? பெண்டாட்டியையும் எழுப்பியாக வேண்டும். அன்று புழுவுக்கு மருந்தடிக்க மேகலாவை உலுக்கினார்.

"ஏங்க, சாயங்காலம் அடிக்கலாமே? இந்நேரத்துக்கு எனக்குத் தலையே ஓடாதுங்க."

"சோம்பேறித்தனத்துக்கு சாக்கு வேறயா? எந்திரி புள்ள!"

கொட்டாவி விட்டபடியே அவள் மருந்தைக் கலந்து கொடுத்தாள். இவர் தொட்டியை முதுகில் மாட்டி அடித்து முடித்தார். ஆனால் தூக்கக் கலக்கத்தில் புழு மருந்துக்குப் பதிலாக அவள் எடுத்துக் கலந்தது களைக்கொல்லி பாட்டில். ஒரே வாரத்தில் பயிர் மொத்தமும் கருகிப்போனது.

வரப்பில் நின்று, ஊர் கேட்க, "மூளையே இல்லாதவ!" என்று கத்தித் தீர்த்தார். அன்று சாயங்காலம் தன்னிடம் தையல் படிக்க வந்த பெண்களை மேகலா, "மூளை இல்லாதவகிட்ட என்னத்தக் கத்துக்கப் போறீங்க?" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். மூன்று வருஷத்தில் ஒரு ரவிக்கைகூட அளவு தப்பாமல் வெட்டியவள் அவள்.

நாலு நாள் கழித்து வீட்டில் வளர்த்த ஆட்டுக்குட்டிக்கு வயிறு உப்பியது. ராத்திரி எட்டரை மணி, அய்யம்பெருமாளுக்குக் கண் சொருகும் நேரம். கால்நடை டாக்டர் சசிகலா போனில், "உப்புசத்துக்குக் குடுத்து வச்ச மருந்த ரெண்டு எம்.எல். குடுங்க" என்றார். இவர் சிரிஞ்சில் பத்து எம்.எல். உறிஞ்சி, குட்டியின் வாயருகே கொண்டுபோய்விட்டார். மேகலா பாய்ந்து கையைப் பிடித்தாள். மருந்தைச் சரியாக அளந்து புகட்டினாள்.

"தூக்கக் கலக்கம்தானே, விடுங்க" என்றாள்.

போனில் கேட்டுக்கொண்டிருந்த சசிகலா சொன்னார்: "சிலருக்கு காலையில மூளை நல்லா ஓடும், சிலருக்கு சாயங்காலம். உடம்போட வாகு அது. சோம்பேறித்தனம் இல்லீங்க."

அய்யோ, மேகலா ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்! அய்யம்பெருமாள் கூனிக்குறுகிப் போனார்.

"தப்புப் பண்ணிட்டேன் மேகலா."

"திட்டுனது ஊருக்கே கேட்டுச்சு. இது எனக்கு மட்டும் கேட்டா போதுமாங்க?"

விடிந்ததும் பால் ஊற்றும் இடத்தில் ஊரே வரிசையில் நின்றது. அய்யம்பெருமாள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"பயிரக் கருக்கினது என் வூட்டுக்காரி இல்ல, என் வீம்பு. மூளை முழிக்கிற நேரம் ஆளுக்கு ஆள் மாறும். நம்ம நேரத்த வச்சு அடுத்தவங்க அறிவ எடை போடாதீங்கய்யா!"