மூன்று முறை தோற்ற அரசன்

வளைகுடா நாட்டுத் தொழிற்பேட்டையான முசஃபாவில் சாகிரின் பெயர்ப்பலகைக் கடைக்கு இருப்பது ஒரே ஒரு சட்டம்தான். வாடிக்கையாளர் எழுதித் தந்ததை அப்படியே அடிக்க வேண்டும். ப்ரூஃப் தாளில் அவர் கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு புள்ளியைக்கூடத் தொடக் கூடாது. கஜாலினி வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதமே அதை மீறிவிட்டாள். ஒரு கார்கோ கம்பெனிக்காரர் தம் பலகையில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்று எழுதித் தந்திருந்தார். நாடே சனி, ஞாயிறுக்கு மாறி எத்தனை காலம் ஆகிவிட்டது, பாவம், பழைய பலகையைப் பார்த்து எழுதிவிட்டார் என்று இவளாக ஞாயிறு என்று மாற்றி அடித்துவிட்டாள். அந்த மனிதரோ இன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான் கடையை மூடுகிறார். ஆறு பலகைகள் குப்பைக்குப் போயின. அன்று சாகிர் சொன்னது அவள் காதை விட்டு இன்னும் போகவில்லை.

"இன்னொரு தடவ இப்படி நடந்துச்சு, கலாஸ், முடிஞ்சது. ப்ரொபேஷன் முடியிற வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டேன்."

இப்போது ப்ரொபேஷன் முடிய இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது. அந்தப் பதினைந்து நாளை அவள் எதற்காக எண்ணிக்கொண்டிருந்தாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். இந்த வேலைக்கு வருமுன் குவைத்தில், மங்காஃப் பக்கம் ஒரு வீட்டில் நான்கு வருடம் வேலைக்காரியாக இருந்தவள் அவள். அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. இங்கே கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒன்று இருந்தது, சுற்றுகிற நாற்காலி, ஒரு கை உடைந்தது. அதை விட்டு எழுந்து மறுபடியும் யாருடைய சமையலறைக்கும் போவதில்லை என்று அவள் முடிவு செய்து வைத்திருந்தாள்.

ஜூன் மாதத்து அந்தக் காலையில், அல் ஐனுக்குப் போக வேண்டிய பதினான்கு பலகைகளின் மேலிருந்த பாதுகாப்புத் தாளை ஒவ்வொன்றாக உரித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். அங்கே இந்தியக் குடும்பங்கள் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு கண்காட்சி வைப்பார்கள். இந்த முறை அதன் பெயர் 'ஓராண்டு உலகம்: 1709'. உலகத்தில் அந்த ஒரே வருடத்தில் என்னென்ன நடந்தது என்று ஒரு பலகைக்கு ஒரு சங்கதி. எல்லாவற்றையும் தேடி எழுதியவர் வசந்தகுமாரி. கோயம்புத்தூர்க்காரர், கல்லூரியில் கணிதம் நடத்தியவர், இப்போது கணவர் ரகுநாதனோடு அல் ஐனில் இருக்கிறார்.

துடைக்கத் துடைக்க அவள் வாசித்தாள். அந்த ஜனவரியில் ஐரோப்பா முழுக்க உறைந்துபோனதாம். பீப்பாய்க்குள் இருந்த மதுவே கட்டியாகிவிட்டதாம். வேன் ஓட்டுகிற கௌஸ் முகம்மது ஹைதராபாத்துக்காரர், தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. அவருக்கு அதை அவள் சொன்னாள். வெளியே வெயில் நாற்பத்தாறைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அரே பெஹன், அந்தக் குளிர்ல ஒரு டப்பா பார்சல் போடச் சொல்லு, நான் டெலிவரி எடுக்கிறேன்" என்றார் அவர்.

அடுத்த பலகை, ஆளில்லாத் தீவில் நான்கு வருடத்துக்கு மேல் ஆட்டுத்தோலை உடுத்தித் தனியே கிடந்த மாலுமி ஒருவனைக் கப்பல் வந்து மீட்டது. அதற்கடுத்தது, நாயை அடித்தவனுக்கெல்லாம் தண்டனை கொடுத்த ஜப்பானிய ஆட்சியாளர் இறந்தது. காந்தஹாரில் மீர்வைஸ் என்பவர் பாரசீக ஆளுநரை வீழ்த்தியது. இங்கிலாந்தில் ஒருவர் மரக்கரிக்குப் பதிலாகச் சுட்ட நிலக்கரியில் இரும்பு உருக்கியது. லிஸ்பனில் ஒரு பாதிரியார் அரசரின் முன்னால் காகித பலூனைச் சூடான காற்றால் மேலே ஏற்றிக் காட்டியது. எல்லாமே அவளுக்குப் பிடித்திருந்தன. இரும்பு உருக்கியதைப் பக்கத்து வெல்டிங் ஷாப்காரர்களுக்குக் காட்ட வேண்டும் என்றுகூட நினைத்தாள்.

ஒன்பதாம் பலகை, பொல்டாவா சண்டை. ஜூன் 27. சுவீடன் அரசனை ரஷ்ய அரசன் தோற்கடித்தான். காலில் குண்டு பட்ட சுவீடன் அரசனைத் தூக்குக் கட்டிலில் வைத்துப் போர்க்களத்தைச் சுற்றிக் கொண்டுபோனார்கள். தோற்ற பின் துருக்கிச் சுல்தானின் நாட்டுப் பக்கமாகத் தெற்கே ஓடினான்.

பத்தாம் பலகை, பொல்டாவாவில் இரண்டாம் சண்டை. ஜூன் 28. காலில் காயம், தூக்குக் கட்டில், தோல்வி, தெற்கே ஓட்டம்.

பதினோராம் பலகை, பொல்டாவாவில் மூன்றாம் சண்டை. ஜூலை 8. அதே கால், அதே கட்டில்.

கஜாலினி துணியைக் கீழே வைத்தாள். மூன்றையும் வரிசையாகச் சுவரில் சாத்திவிட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அவளுக்குச் சுவீடனும் தெரியாது, பொல்டாவாவும் தெரியாது. ஆனால் இந்தக் குழப்பம் மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் பிறந்த யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம் இரண்டு, வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று. பெரியப்பா வீட்டில் வாக்கியம், சித்தப்பா வீட்டில் திருக்கணிதம். வருடம் பிறக்கிற நேரமே இரண்டிலும் வேறு வேறாக இருக்கும். சில வருடங்களில் அப்பப்பாவின் திவசமும் பெரியப்பா வீட்டில் ஒரு நாள், சித்தப்பா வீட்டில் மறுநாள் என்று நடந்துவிடும்.

கைப்பேசியை எடுத்துத் தேடினாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ரஷ்யர் பழைய நாட்காட்டியை வைத்திருந்தார்கள். சுவீடன்காரர் புதியதற்கு மெல்ல மெல்ல மாறுவோம் என்று ஆரம்பித்து, ஒரே ஒரு நாளை விட்டதோடு யுத்தத்தில் மறந்துபோனார்கள். அதனால் உலகத்தில் வேறு யாரோடும் ஒட்டாமல் ஒரு நாள் முன்னே தனியாக நின்றார்கள். இன்றைய நம் கணக்கோ, அந்த வருடத்தில் பழையதைவிடப் பதினொரு நாள் முன்னால். சண்டை ஒன்று, தேதி மூன்று.

நேரே சாகிரின் மேசைக்குப் போனாள். அவர் கீழக்கரைக்காரர், முப்பது வருடமாக இதே தெருவில் கடை வைத்திருப்பவர். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு டீயைக் கீழே வைத்தார்.

"ப்ரூஃப்ல கையெழுத்து இருக்கா?"

"இருக்குது, பாய்."

"அப்ப அந்த ராஜா முப்பது தடவ தோத்தாலும் நமக்கென்ன? நீ ஒட்டப் போற. ஒட்டிட்டு வா. மேடம் முன்னாடி வாயத் தொறந்த, அங்கேயே நில்லு, திரும்பி வராத."

"பிழையெண்டு தெரிஞ்சும்..."

"வெள்ளிக்கிழமையும் பிழைன்னுதான நெனச்ச?"

பலகைகளை வேனில் ஏற்றினார்கள். அல் ஐன் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். கௌஸ் ரேடியோவைப் போட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அவள் நிதானமாக யோசித்துக்கொண்டு வந்தாள். அன்று அவள் யாரையும் கேட்கவில்லை. அதுதான் வித்தியாசம். சாலைக்கு நடுவே நின்ற பேரீச்ச மரங்கள் முடிவதற்குள் அவள் தீர்மானித்துவிட்டாள்.

மண்டபத்தில் வசந்தகுமாரி பட்டுப்புடவையும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக ஓடிக்கொண்டிருந்தார். ஆறு மணிக்குத் திறப்பு. அப்போது மணி இரண்டு.

"வாங்க, வாங்க கஜாலினி! அந்த மூணு சண்டையையும் நட்ட நடுவுல மாட்டிருங்க. என் பேச்சே அதுலதானுங்க ஆரம்பிக்குது. பன்னெண்டே நாள், ஒரே மைதானம், மூணு தடவ அடி வாங்கியும் திரும்பத் திரும்ப வந்து நின்னான் பாருங்க ஒருத்தன்!"

"மேடம், அவர் திரும்பி வரேல்ல."

"என்னது?"

"அவர் ஒருக்காத்தான் தோத்தவர். மூண்டு பேர் மூண்டு விதமா நாள் எண்ணி எழுதி வச்சிருக்கினம்."

வசந்தகுமாரியின் முகம் இறுகியது. "இங்க பாருங்க, மூணு மாசம் உக்காந்து எழுதினது. ரஷ்யாக்காரர் எழுதினதும் படிச்சேன், சுவீடன்காரர் எழுதினதும் படிச்சேன், இங்கிலீஷ்லயும் படிச்சேன். நீங்க போர்டு ஒட்ட வந்தவங்க."

"ஓம் மேடம், ஒட்டத்தான் வந்தனான். பிழையை ஒட்டினா நாளைக்குக் கழட்டவும் நான்தான் வரவேணும்." குரலை உயர்த்தாமல் சொன்னாள் கஜாலினி. "நீங்கள் எழுதினதையே பாருங்கோ. முதலாம் பலகையில தெற்கால ஓடிப்போன மனுசன், அடுத்த நாள் காலமை என்னத்துக்கு மேடம் திரும்பி வந்து அதே கட்டில்ல ஏறிப் படுக்கிறார்? மூண்டு தரமும் அதே காலிலயே குண்டு படும்?"

வசந்தகுமாரி பலகைகளின் பக்கம் வந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இறக்கிச் சுவரில் சாத்தியிருந்த மூன்றையும் ஒவ்வொன்றாகக் குனிந்து வாசித்தார். முதலில் இடமிருந்து வலம். பிறகு வலமிருந்து இடம்.

"உங்களுக்கு இது எப்படித் தெரிஞ்சது?"

"என்ர அப்பப்பா செத்தது ஒருக்காத்தான் மேடம். ஆனா சில வருசம் திவசம் ரெண்டு. பெரியப்பா ஒரு பஞ்சாங்கம், சித்தப்பா மற்றது. ரெண்டு வீட்டிலயும் சாப்பிட்டு வளந்தனான், எனக்கு விளங்காதோ?"

கௌஸ் சிரித்துவிட்டார். வசந்தகுமாரிக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பேசியில் ஏதோ தேடினார், விரல்விட்டு எண்ணினார், மறுபடியும் தேடினார். கணக்கு நடத்தியவர் அல்லவா, பதினொன்றைக் கூட்டிப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"இருபத்தேழும் பதினொண்ணும்..." என்றவர் நெற்றியில் கை வைத்தார். "ஐயோ. சீஃப் கெஸ்ட்டே சரித்திரப் பேராசிரியருங்க. எங்க வீட்டுக்காரர் வேற ரெண்டு தடவ ப்ரூஃப் பாத்தாரே!"

"கமா எல்லாம் சரியாத்தான் இருக்குது, மேடம்."

இந்த முறை அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் நீரோடு. "கிண்டலா? சரி. மூணையும் எடுத்துருங்க. நடுச்சுவரு காலியாவே இருக்கட்டும்."

"எடுக்கவேண்டாம்," என்றாள் கஜாலினி. "முதலாம் பலகையில முழுக்கதையும் இருக்கட்டும். மற்ற ரெண்டிலயும் தேதியை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை நீல வினைல் தாள் ஒட்டி மறைப்பம். ஒவ்வொரு தேதிக்குக் கீழயும் ஆர் எண்ணின நாளெண்டு ஒரு வரி. மேல பெரிசா 'ஒரே நாள்'. இண்டைக்கு வாற சனம் எல்லாத்தையும் விட இதைத்தான் நிண்டு பாக்கும்."

"எழுத்து வெட்டுற மெஷின் முசஃபாவுலல்ல இருக்கு?"

"வினைல் வேன்ல இருக்குது. கத்தி என்னட்ட இருக்குது."

வசந்தகுமாரி எழுந்து நின்றார். "அப்ப ஆரம்பிங்க, யல்லா!"

கஜாலினி ஆரம்பிக்கவில்லை. டெலிவரி சீட்டை மடியில் திருப்பி வைத்து, அதன் வெறும் பின்பக்கத்தில் மூன்று பலகைகளையும் கோடு போட்டு வரைந்தாள். எங்கே மறைப்பது, எங்கே எந்த வரி வருவது, எல்லாவற்றையும் முழுசாக எழுதினாள். நேரம் இரண்டே முக்கால் ஆகிவிட்டது. வசந்தகுமாரி கால் மாற்றிக் கால் நின்றார்.

"என்னங்க, எழுதிட்டே இருக்கீங்க?"

"ப்ரூஃப், மேடம். ஒருக்கா வடிவா வாசிச்சுப்போட்டு கையெழுத்து வையுங்கோ. நேரமும் போடுங்கோ. அதுக்குப் பிறகுதான் கத்தியை எடுப்பன்."

அவர் வாசித்தார். உண்மையாகவே வாசித்தார். ஓரிடத்தில் 'இன்றைய கணக்கு' என்பதை 'இன்று நாம் எண்ணுவது' என்று மாற்றச் சொன்னார். மாற்றிய பிறகு கையெழுத்திட்டார்.

கையால் தமிழ் எழுத்து வெட்டுவது லேசான வேலை இல்லை. நேர்க்கோட்டை யாரும் வெட்டிவிடலாம், சுழிதான் ஆளைச் சோதிக்கும். கஜாலினி தரையில் குப்புறப் படுத்து, நுனி நாக்கைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். கௌஸ் ஏணியில் நின்று ஒட்டினார். ஒரு 'ண' கிழிந்தது, இன்னொன்று வெட்டினாள். ஐந்தரைக்கு மேலெழுத்து ஏறியது.

ஆறு மணிக்குச் சாகிரும் வந்துவிட்டார். பலகை அடித்தவர் என்று கடையின் பெயர் மண்டப வாசலில் இருக்கிறதே, வராமல் இருப்பாரா? உள்ளே நுழைந்தவர் நடுச்சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அங்கே ஒரு கூட்டம். சரித்திரப் பேராசிரியர் பலகையைக் காட்டி யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். தன் வீட்டில் அமாவாசை பார்ப்பதில் நடக்கும் சண்டையை ஒரு பெண்மணி பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சாகிர் கண்ணாலேயே கஜாலினியை வெளியே கூப்பிட்டார்.

வேன் பக்கத்தில் வெக்கை இன்னும் அடங்கவில்லை.

"நான் என்ன சொன்னேன்?"

"வாய் திறக்கக் கூடாதெண்டு."

"தொறந்தியா?"

"திறந்தனான்."

"கையெழுத்து?"

அவள் சீட்டை நீட்டினாள். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கோடுகள், வரிகள், மாற்றிய இடத்தில் சின்னக் கையெழுத்து, அடியில் பெரிய கையெழுத்து, மணி இரண்டு ஐம்பத்தெட்டு.

"இது மட்டும் இல்லன்னா ஒன்ன இன்னிக்கே அனுப்பியிருப்பேன்."

"தெரியும், பாய். அதாலதான் வாங்கினனான்."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்றார் சாகிர். பிறகு சீட்டை மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், திருப்பித் தரவில்லை. "இனிமே எந்த வேலையா இருந்தாலும் ப்ரூஃப் போறதுக்கு முன்னாடி நீ படி. அடிச்சு முடிச்ச பொறவு படிச்சு என் உயிர எடுக்காத. வெளங்குதா?"

"அப்ப என்ர வேலை?"

"அதான் சொன்னேன்ல."

"சொன்னது மட்டும் காணாது, கடிதம் வேணும்."

அவர் அவளை முறைத்தார். "திங்கக்கெழம நீயே டைப் பண்ணிக் கொண்டா."

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கே கடிதம் அவர் மேசைக்கு வந்துவிட்டது. வேலை நிரந்தரம் என்று இருந்தது. பதவி என்ற இடத்தில் சாகிர் எதுவும் சொல்லியிருக்கவில்லை, 'வாசகம் சரிபார்ப்பவர்' என்று அவளாகவே அடித்திருந்தாள். சாகிர் காதில் போனை வைத்துக்கொண்டு, தாளைப் பாராமலே பேனாவைத் திறந்தார்.

கஜாலினி அந்தத் தாளின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"வாசிச்சுப்போட்டு வையுங்கோ, பாய்."

சாகிர் போனை வைத்துவிட்டு மேசை இழுப்பறையில் மூக்குக் கண்ணாடியைத் தேடத் தொடங்கினார்.