விலை போகாத பூ

அடுப்பில் வெஞ்சனம் கொதித்துக்கொண்டிருந்தபோது, கூடத்திலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"ஏனுங்க பூக்காரரே, நீங்க வாங்கிக் குடுத்த பூக்கிரீடம் எனக்கு எடுப்பா இருக்குதுங்களா?"

தீபா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். கட்டிலில் சாய்ந்திருந்த கணவன் விக்னேஷ்குமாரின் போனிலிருந்து துப்பாக்கிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. தோட்ட வேலை முடிந்ததும் அவன் ஆடும் விளையாட்டு அது. முகம் பார்த்திராத மூன்று பேரோடு சேர்ந்து யாரையாவது சுட்டுக்கொண்டிருப்பான். திரையில், தலை நிறைய வெள்ளைப் பூ மின்ன, ஒரு பொம்மைப் பெண் அவனுடைய பொம்மைக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தாள்.

"யாரு அது?"

"கீர்த்தனா. பழனிப் பக்கம், பாலசமுத்திரம். காலேஜ் படிக்குது. நேத்து அதுக்குப் பொறந்தநாளு" என்றான் அவன், கண்ணை எடுக்காமல்.

"பூ வாங்கிக் குடுத்தீங்களா?"

"நெசப்பூவா? கேமுல விக்கிறது. ஒரு முழம் பூ வாங்குற காசுதான் புள்ள."

அவன் வேறு எந்தக் கணக்குச் சொல்லியிருந்தாலும் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அகரத்தில் இவர்களுக்கு ஒரு ஏக்கர் மல்லிகை. விடியுமுன் பறிக்கும் மொட்டெல்லாம் சாக்கில் கட்டித் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் போய்விடும். பறிக்கும்போது கண்ணுக்குத் தப்பிய மொட்டு அந்தியில் செடியிலேயே விரிந்துவிடும். விரிந்த பூவை வியாபாரி தொடமாட்டார். அதைத்தான் மாமியார் மூக்காயி மடியில் பறித்து வந்து மருமகளுக்குத் தருவாள். எடைக்குப் போகிற மொட்டில் வீட்டுப் பெண்கள் கைவைப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. திண்டுக்கல்லில், தினமும் வாசலில் முழம் போட்டு வாங்கிய பூவை வைத்து வளர்ந்த தீபா, கல்யாணமான நாளிலிருந்து விரிந்த பூவைத்தான் வைக்கிறாள். அதற்காக அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இன்று சுளித்தாள்.

இரவுச் சாப்பாட்டில் அவள் பேசவில்லை. எதனால் என்று அவன் யோசித்த அழகுதான் வேடிக்கை. மறுநாள் அவள் போனிலும் அந்த விளையாட்டை ஏற்றி, கீர்த்தனாவுடையதைவிடப் பெரிய கிரீடமாக ஒன்று வாங்கி அனுப்பிவிட்டு, குழந்தையைப் போல எதிரில் வந்து நின்றான். மல்லிகை, ரோஜா, நடுவில் ஒரு மயில்.

"இத வச்சுக்கிட்டு நான் எந்தக் கோயிலுக்குப் போக?"

ஆனாலும் சாயங்காலம் அவளே அவர்களோடு விளையாட உட்கார்ந்தாள். கீர்த்தனாவைப் பார்க்க வேண்டும். எப்படிப் பேசுகிறாள், இவன் எப்படிச் சிரிக்கிறான் என்று கேட்க வேண்டும்.

கீர்த்தனா கெட்டவளாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ, "அக்கா, குனிஞ்சுக்கங்க", "அக்கா, இந்த மருந்த எடுத்துக்கங்க" என்று தீபாவைக் கூடவே இருந்து காத்தாள். தீபாவுக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

ஒரு சுவருக்குப் பின்னால் எல்லோரும் பதுங்கியிருந்தபோது கீர்த்தனா சொன்னாள்: "எங்க வீட்டுல வெறும் தென்னந்தோப்புங்க. உங்களுக்கென்னங்க அக்கா, வீடு பூரா பூவு."

பேசினால் எல்லோருக்கும் கேட்கும் என்பதை மறந்து தீபா முனகினாள். "வீடு பூராப் பூவுதான். விலை போகாததுதான் எனக்கு வரும்."

டுமீலென்று ஒரு சத்தம். தீபாவின் பொம்மை, மயில் கிரீடத்தோடு கீழே சாய்ந்தது. கட்டிலின் மறுமுனையில் விக்னேஷ்குமார் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை, அவனுக்கு முன்னால் அவன் கதை ஊர் வந்து சேர்ந்தது. மார்க்கெட்டிலிருந்து திரும்பிய பக்கத்துத் தோட்டக்காரர் மூக்காயியிடம் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். பூவை எடை போட்டுக் கொடுத்த கையோடு, மார்க்கெட் வாசலில் பூக்கட்டி விற்கும் சகாயராணியிடம் போய் விக்னேஷ்குமார் பூ வாங்கினான், 'என்னப்பு, தோட்டம் காஞ்சுபோச்சா?' என்று அந்தம்மா கேட்டதில் சந்தையே சிரித்தது என்று.

வண்டியை நிறுத்தியதும் மூக்காயி பிடித்துக்கொண்டாள். "ஏலே, நம்ம பூவ நாமளே காசு குடுத்து வாங்கவா?"

"ஆமாத்தா" என்றான் அவன்.

வாழையிலைப் பொட்டலத்தை அடுப்படியில் நீட்டினான். நெருக்கிக் கட்டிய மொட்டு, ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. தீபா வாங்கி, தன் முழங்கையால் அளந்து பார்த்தாள். இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது. தலையில் வைத்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது, காட்டவில்லை.

"கீர்த்தனாகிட்ட இருக்கிற கிரீடம், அது வாடாதுல்ல?"

"வாடாது" என்றான் அவன், பயந்தபடி.

"இது பொழுதுக்குள்ள வாடிரும்" என்றாள் தீபா. "அப்ப நாளைக்கும் வாங்கிட்டு வாங்க."