அக்காவின் வாய்

பயிற்சிக் கூடத்துத் திரையில் இருந்த வாய், ஒரு புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூடிக்கொண்டது. அது வெறும் புகைப்படம். மூக்குக்குக் கீழே, தாடைக்கு மேலே, விரலால் இழுத்துப் பிடித்த உதடுகளும் பாதிக்கு மேல் கரைந்துபோன முன்பற்களும் மட்டும் அதில் தெரியும். கீழே தடித்த எழுத்தில் ‘அலட்சியத்தின் விளைவு’ என்று போட்டிருக்கும். செவிலியர்கள் வழக்கம்போல முகம் சுளித்துக்கொண்டிருந்தபோதே உதடுகள் விரலிலிருந்து நழுவி ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. புரொஜெக்டர்காரர் வயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகிப் பார்த்தார். மாற்றமில்லை. பல் டாக்டர் அடுத்த படத்துக்குப் போனாள்.

வீடு வீடாகப் போகும் சுகாதாரச் செவிலியர்களுக்கும், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறவர்களுக்கும் பல் பராமரிப்பு சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. நல்ல டாக்டர் என்றுதான் பெயர். குழந்தையைத் தாயின் மடியில் எப்படிச் சாய்ப்பது, மேலுதட்டை நோகாமல் எப்படித் தூக்குவது, ஈறோரம் தெரியும் வெள்ளைக் கோடு சொத்தையின் முதல் அடையாளம் என்பது, பால் புட்டியோடு தூங்கவிடக்கூடாது என்பது எல்லாம் அவளிடம் கற்றவர்களுக்கு மறக்காது. அந்தப் படமும் மறக்காது. “வெட்கம் வந்தாத்தான் கை பிரஷ்ஷைத் தேடும். கொஞ்சம் பயமுறுத்துங்க, தப்பில்ல” என்பாள். படம் சுவரொட்டியாகி எல்லா ஆஸ்பத்திரிச் சுவர்களுக்கும் போயிருந்தது.

அந்த வாரத்துக்குள் சுவரொட்டிகளிலும் வாய் மூடிவிட்டதாக ஒவ்வோர் ஊரிலிருந்தும் தகவல் வந்தது. அச்சகத்தில் புதிதாக அடித்துப் பார்த்தார்கள். மை காயும்வரை திறந்திருந்தது, காய்ந்ததும் மூடிக்கொண்டது. காற்றில் ஈரம் அதிகம், அதனால்தான் என்று மேலதிகாரி சொன்னார். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. அவளிடம் பயின்ற செவிலியர்களைக் கண்டதும் குழந்தைகளின் வாய் பூட்டிக்கொண்டது. அதே குழந்தைகள் வீட்டில் சாப்பிட்டன, அழுதன, கத்தின. இவர்கள் டார்ச்சை எடுத்தால் மட்டும் உதடுகளுக்கு இடையில் நகம்கூட நுழையவில்லை.

படத்தில் இருப்பது யார் என்று தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று டாக்டர் நினைத்திருந்தாள். அது அவளுடைய அக்காவின் வாய். அம்மா போன பிறகு தங்கையைப் படிக்கவைப்பதற்காக பேட்டரித் தொழிற்சாலையில் அமிலத் தொட்டி ஓரம் வேலைக்குச் சேர்ந்தவள் அக்கா. அந்த ஆவியில் மூச்சுவிட்டு மூச்சுவிட்டே முன்பற்கள் தேய்ந்தன. காலையும் இரவும் தவறாமல் பல் தேய்ப்பவள். ஒரு நாள், பல் கூச்சம் தாங்கவில்லை என்று தங்கையிடம் வந்து வாயைத் திறந்தாள். அமிலம் அரித்த பல்லுக்கும் அலட்சியத்தால் சொத்தையான பல்லுக்கும் வித்தியாசம் தெரியாத டாக்டர் இல்லை அவள். ஆனாலும் படம் அத்தனை தெளிவாக விழுந்திருந்தது. சும்மா இருக்கட்டும் என்று எடுத்தவள், அடுத்த வகுப்பிலேயே அந்தத் தலைப்பைப் போட்டுக் காட்டிவிட்டாள்.

மழைக்காலத்தில் ஒரு சிறுமிக்குக் கன்னம் வீங்கிக் காய்ச்சல் ஏறியது. செவிலியர் எவ்வளவு கெஞ்சியும் வாய் திறக்காததால் டாக்டரையே அழைத்தார்கள். டாக்டர் பொம்மை காட்டினாள், பாட்டுப் பாடினாள், கடைசியில் விரலால் நெம்பியும் பார்த்தாள். கல்லை நெம்பியது போலிருந்தது.

“நெம்பாதீங்கம்மா” என்றாள் தாய். “செவுத்துல இருக்குற அந்தப் படம் வாயை மூடிக்கிறதுக்கு முன்னால ஒரு நாள் இந்த நர்ஸு அதைக் காட்டி, ‘உன் பொண்ணு வாயும் இப்படித்தான் நாறும், நீயெல்லாம் ஒரு தாயா’ன்னு அத்தனை பேர் முன்னால கேட்டாங்க. அன்னிலேருந்து இங்க வந்தா இவ வாயைத் திறக்கிறதில்ல.”

செவிலியர் தரையைப் பார்த்தபடி, “நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரிதான் மேடம் சொன்னேன்” என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் கன்னத்தை வெளிப்பக்கமாகக் கீறிச் சீழை எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது. தழும்பு தங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் டாக்டர் வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள். அக்கா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். “அந்தப் படம்…” என்று ஆரம்பித்தாள்.

“தெரியுமே” என்றாள் அக்கா, திரும்பாமல். “எங்க கம்பெனி டிஸ்பென்சரிலயே ஒட்டியிருந்தாங்க. என் வாய் எனக்குத் தெரியாதா? பக்கத்துல நின்ன பொண்ணு, ‘பல்லே விளக்க மாட்டா போலிருக்கு’ன்னு சிரிச்சா. நானும் சேர்ந்து சிரிச்சேன். கையால வாயை மறைச்சுக்கிட்டு.”

“ஏன்க்கா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?”

“கேட்டு? நீ நாலு பேருக்குப் பாடம் சொல்ல அது உதவுதுன்னா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.” பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். “அப்புறம் தாடை வலிச்சுது. எவ்வளவு நாளைக்குத்தான் திறந்தே வச்சிருக்கிறது? ஒரு புதன்கிழமை மூடிட்டேன்.”

டாக்டர் அழுதாள். அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தாள். அது டாக்டருக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

அடுத்த வகுப்பில் டாக்டர் அது யார் வாய், ஏன் அப்படி ஆனது, அதன் கீழே தான் என்ன எழுதினாள் என்பதை நின்றபடியே சொன்னாள். யாரும் குறிப்பெடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவளிடம் பயில்கிறவர்கள் டார்ச்சை எடுக்கும் முன் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன வேலை, எப்போது சாப்பிடுகிறீர்கள், எப்போது தூங்குகிறீர்கள் என்று கேட்கப் பழகினார்கள். குழந்தைகளின் வாய்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன, சிலதுக்கு வருடக்கணக்கில் ஆனது. தழும்புக்காரச் சிறுமி வேறு ஊர் டாக்டரிடம் போகிறாள்.

அக்காவும் வேறு டாக்டரிடம்தான் பல் கட்டிக்கொண்டாள். அழகாக இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். டாக்டர் இன்னும் பார்க்கவில்லை. தங்கையிடம் பேசும்போது மட்டும் அக்காவின் உதடுகள் பிரிவதில்லை. மூடிய வாய்க்குள்ளிருந்தே குரல் தெளிவாக வருகிறது. சாப்பிட்டாயா என்று கேட்கிறது, குடை எடுத்துக்கொண்டு போ என்கிறது. தங்கையும் தலையைக் குனிந்தபடி பதில் சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள்.