புத்தகத்தோடு ஒரு போட்டோ

நாவலை எழுத சேஷுவுக்கு மூன்று வருஷம் ஆயிற்று. அதை விற்பதற்குள் பிராணன் போய்விடும் போலிருந்தது. சரஸ்வதிபுரம் வீட்டுக் கூடம் முழுக்கக் கட்டுக்கட்டாகப் புத்தகம். வந்தவர் உட்கார இடமில்லை. கடைசியில் மனுஷர் ஒரு யுக்தி பண்ணினார். தெரிந்தவர்களுக்கெல்லாம் ஒரு பிரதி அனுப்பி, அதைக் கையில் பிடித்தபடி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி நச்சரித்தார். வந்ததையெல்லாம் மைசூர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். ஒருத்தரையாவது விட்டாரா!

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருக்கும் பள்ளிக்கூட நண்பன் ஸ்ரீவத்ஸனுக்கு மட்டும் பதினோரு போன். "அனுப்பறேண்டா, அனுப்பறேன்" என்பான் அவன். ஒரு வழியாகப் போட்டோ வந்தது. வந்த வேகத்தில் அதைக் குரூப்பில் போட்டுவிட்டு சேஷு குளிக்கப் போனார்.

திரும்பி வந்து பார்த்தால் ஒரே சிரிப்பு. ஸ்ரீவத்ஸன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். சேஷுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் நாவல் இவனுக்குக் கேலியாப் போச்சா? உடனே எழுதினார்: "ஐம்பது வருஷ சிநேகிதம். ஆனாலும் என் புத்தகத்தை நேராகப் பிடிக்க மனசு வரவில்லை. அத்தனை பொறாமை." முப்பது பேர் கைதட்டினார்கள். அப்போதும் ஆறவில்லை. மிச்சத்தை முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று மறுநாள் பஸ் ஏறினார்.

கதவைத் திறந்தவள் ஸ்ரீவத்ஸனின் மனைவி மீனாக்ஷி. அவரை வாசலிலேயே நிறுத்தி, தணிந்த குரலில் சொன்னாள். "சக்கரை அவர் கண்ணைத் தின்னுடுத்து. நாலு மாசமாறது. நான் ஆத்துல இல்லாதப்போ போட்டோ எடுத்தது மாடியாத்து டீச்சர், கன்னடக்காரா. அட்டைல வெறும் தமிழ் எழுத்து. மேலேது கீழேதுன்னு அவாளுக்கு எப்படித் தெரியும்?"

நாலு மாசம். பதினோரு போன். ஒன்றிலாவது "எப்படிடா இருக்கே" என்று கேட்டிருந்தால்! போன வாரம்கூட, "நூறு பக்கம் தாண்டிட்டியா?" என்று அதட்டினார். "தாண்டிட்டேண்டா, பிரமாதம்" என்றான் அவன். சேஷுவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்படியே திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

அதற்குள் ஸ்ரீவத்ஸன் சுவரைத் தடவிக்கொண்டு வந்துவிட்டான். "யாரு மீனா?"

சேஷு இரண்டடி தூரத்தில்தான் நின்றிருந்தார்.

"உங்க சேஷு" என்றாள் அவள்.

அவன் முகம் மலர்ந்துபோயிற்று. "வாடா, உக்காரு! என் போட்டோவைக் குரூப்ல போட்டியாமே? எல்லாரும் என்ன சொன்னா? நீ என்ன எழுதினே? இவளைக் கேட்டா அப்புறம் அப்புறம்ங்கறா."

மீனாக்ஷி தன் போனில் அந்தக் குரூப்பைத் திறந்து சேஷுவின் கையில் வைத்தாள். "எழுதினவரே வாசிக்கட்டும்."

ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடலாம். கதை கட்டத் தெரியாதவரா அவர்? மீனாக்ஷி வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சேஷு தான் எழுதியதை ஒரு வார்த்தை விடாமல் வாசித்தார். 'பொறாமை' என்ற இடத்தில் தடுமாறி, மறுபடி வாசித்தார்.



"ஹௌதா? நிஜமாவா? தலைகீழாவா பிடிச்சிருந்தேன்?" அவன் கை துழாவி சேஷுவின் தோளைப் பிடித்தது. "மன்னிச்சுக்கோடா. நாலு பேர் உன் புஸ்தகத்தைப் பாத்துச் சிரிக்கும்படி பண்ணிட்டேனே."