பெரியவரின் நாற்காலி

பஞ்சு பறக்கும் அறை அது. ஜன்னல் வழியே வெயில் விழுந்தால் இழைகள் மேலும் கீழுமாக மிதக்கும், தரையில் இறங்க மனசில்லாத மாதிரி. தலையணைக்காரியும் அவள் நாத்தனாரும் அந்த மிதப்புக்குள் உட்கார்ந்துதான் நாள் முழுக்க உறை தைத்தார்கள், பஞ்சு அடைத்தார்கள். பேசுவதுகூட மெதுவாகத்தான். வேகமாகப் பேசினால் வாய்க்குள் பஞ்சு போகும்.

மூலையில் ஒரு மர நாற்காலி. அதற்கு மேலே ஆணியில் ஒரு பெரிய வெள்ளைச் சட்டை. இரண்டும் பெரியவருடையவை. பெரியவர் என்று ஒருவர் கிடையாது.

ஆரம்பத்தில் துணிக்கடைக்காரர் போனில், "முதலாளிகிட்ட குடும்மா" என்றார். "நான்தான் முதலாளி" என்றாள் தலையணைக்காரி. அவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். மறுநாள் அவளே கூப்பிட்டு, "பெரியவர் கேக்கச் சொன்னாரு" என்றாள். சாயங்காலமே துணி வந்து இறங்கியது. அதற்கப்புறம் பஞ்சு வியாபாரி, கட்டடச் சொந்தக்காரர் எல்லாருமே பெரியவர் என்றால் வழிவிட்டார்கள். அவள் கணவன் கப்பல் வேலையில் இருந்தான், எப்போதாவது வருவான். இல்லாத பெரியவர்தான் எப்போதும் இருந்தார்.

நாளாக ஆக அவருக்குக் குணம்கூட வந்துவிட்டது. பேரம் பேசினால் பிடிக்காது. மத்தியானம் தூங்குவார்.

"அண்ணி, இன்னிக்குப் பெரியவர் மூஞ்சியே சரியில்லையே."

"நீ உறையைக் கோணலா தைச்சா, சிரிக்கவா செய்வாரு?"

கண்ணயரும் பகல்களில் நாற்காலியில் யாரோ மூச்சுவிடுவதாகத் தலையணைக்காரிக்கே தோன்றும். தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டிய, அதிகம் பேசாத ஒரு மனிதர்.

பிறகு ஒரு ஹோட்டலிலிருந்து கேட்டார்கள். எல்லா அறைகளுக்கும் தலையணை. அந்த ஆர்டர் கிடைத்தால் பக்கத்து அறையையும் வாடகைக்கு எடுக்கலாம், புது மிஷின் போடலாம், இன்னும் சில பெண்களைச் சேர்க்கலாம். மேனேஜரிடம் விலை, அளவு எல்லாம் அவள்தான் பேசி முடித்தாள். "பெரியவரை நேர்ல பாத்துக் கைகொடுத்துட்டா முடிஞ்சுது" என்றார் அவர். எப்படித் தட்டிக்கழிப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த போனை நாத்தனார் எடுத்தாள். "வியாழக்கிழமை இருப்பாரு, வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"யாருடி இருப்பாரு?"

நாத்தனார் நாற்காலியைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. "சத்தியமா அண்ணி, அந்த நிமிஷம் அப்படி ஒருத்தர் இல்லைங்கறதே எனக்கு ஞாபகம் இல்ல."

தன் தம்பியைக் கூப்பிடுவதைத் தவிர தலையணைக்காரிக்கு வேறு வழி தெரியவில்லை. வியாழக்கிழமை அவன் வந்து பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்டான். உள்ளே இன்னொரு ஆள் நுழையலாம். அறையைச் சுற்றிப் பார்த்தான்.

"மிஷினை ஏன்க்கா ஜன்னல் பக்கம் போட்டிருக்கே? அந்தச் சுவரோரமா தள்ளு."

"அங்க வெளிச்சத்தை உங்கப்பாவா கொண்டு வருவாரு?"

"உனக்கும் அவர்தான் அப்பா. விலையெல்லாம் இனிமே நான் பேசிக்கிறேன். போன் எனக்கே வரட்டும். நீ தைக்கிற வேலையைப் பாரு."

"சட்டை இன்னும் உடம்புல ஒட்டல. அதுக்குள்ள எங்க பெரியவரே தேவலன்னு ஆயிடுச்சு" என்றாள் நாத்தனார்.

தம்பி சிரித்தான். தலையணைக்காரி சிரிக்கவில்லை. பெரியவர் ஒரு நாளும் மிஷினை நகர்த்தச் சொன்னதில்லை. இவன் இன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான்.

வாசலில் தும்மல் சத்தம். பஞ்சு மூக்கில் ஏறிய மேனேஜர் நின்றிருந்தார். "பெரியவர்...?"

தம்பி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தான்.

"இவன் என் தம்பி சார்" என்றாள் அவள். "பெரியவர் போயிட்டாரு."

"எங்கே?"

அவள் சுவரைப் பார்த்தாள். வெறும் ஆணி. "போயே போயிட்டாரு."

குரல் உடைந்தது. அவள் உடைக்கவில்லை, அதுவாகவே உடைந்தது. நாத்தனார் சிரிப்பை அடக்கத்தான் வாயைப் பொத்தினாள், கண் நிறைந்துவிட்டது.

மேனேஜர் தலையைத் தாழ்த்தினார். "இனிமே யாரு பாத்துக்குவாங்க?" அவர் கண் தம்பியிடம் போனது.

"நான்" என்றாள் அவள்.

"அவர் இருக்காருன்னுதாம்மா இவ்வளவு பெரிய ஆர்டர். இப்போதைக்குப் பாதி வச்சுக்கலாமே?"

"அவர் சொன்னதெல்லாம் இந்த வாயாலதானே சார் உங்களுக்கு வந்துச்சு? ஒரு தடவையாவது வார்த்தை மாறியிருக்கா?"

அவர் யோசித்தார். ஒரு இழை மெல்ல இறங்கி அவர் மீசையில் உட்கார்ந்தது.

"இல்ல."

"அப்ப முழுசாவே குடுங்க."

"சரி." கை நீட்டினார். "அவர் பேரைக் காப்பாத்துங்கம்மா."

அவர் போனபின் தம்பி சட்டையைக் கழற்றி நீட்டினான். "கொன்னுட்டியேக்கா."

அவள் அதை மறுபடி ஆணியில் மாட்டவில்லை. மடித்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி ஆடியது. ஒரு கால் குட்டை. இத்தனை காலம் யாரும் உட்காராததால் தெரியவில்லை.

நாத்தனார் ஒரு துண்டுத் துணியை மடித்துக் காலுக்கடியில் செருகினாள்.

"இப்போ?"

"இன்னும் கொஞ்சம் வை."