விழத் தெரிந்த பைக்

இன்று கிளிநொச்சியில் வாக்குப் போடும் வயதில் இருப்பவர்களில் பாதிப் பேர் என் கையில்தான் முதன்முதலாகக் கத்தினார்கள். மீதிப் பேர் நான் லீவில் நின்ற நாள்களில் பிறந்தவர்கள். மருத்துவமாது கமலாட்சி என்றால் பரந்தனில் நாய்கூட வாலை ஆட்டும். இவ்வளவு காலமும் ஸ்கூட்டியில் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்தவள், பென்சன் எடுத்த கையோடு ஒரு அட்வெஞ்சர் பைக் வாங்கினேன். ஏறி இருந்தால் பரந்தனில் இருந்தே ஆனையிறவு உப்பளம் தெரியும். அவ்வளவு உயரம்.

ஒரேயொரு குறை, எனக்குக் கால் எட்டாது. ஓடும்போது மகாராணி, நிற்பாட்டினால் விழுவேன். சந்தியில் விழுந்தேன். பெற்றோல் செட்டில் விழுந்தேன். கோயிலடியில் விழுந்த சத்தத்தில் ஐயர் பூசையை விட்டுவிட்டு ஓடிவந்தார். ஒவ்வொரு தரமும் பைக் தோசை மாதிரித் தரையோடு ஒட்டிவிடும். தூக்குவதற்கு ஊரே வரவேண்டும்.

என் புருஷன் மாயாண்டிக்கு வெட்கம் தாங்கவில்லை. ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

"இஞ்ச பார், இனி ஒருக்கா ஆக்களைக் கூப்பிட்டுத் தூக்கினியெண்டா, அதை வித்துப்போடுவன்."

"தனியத் தூக்கினா?"

"தூக்கு பாப்பம். உனக்குப் பின்னால இருந்தே முள்ளியவளைக்கு வாறன்."

முள்ளியவளையில் எங்கள் மகள் சிவதர்சினி இருக்கிறாள். இவர் அங்கே பஸ்ஸில்தான் போவார். மனைவிக்குப் பின்னால் இருந்து போனால் மீசை கொட்டிவிடும் என்று ஒரு பயம்.

ஆகவே கிராஷ் பார் வாங்க வவுனியாவுக்குப் போனேன். பைக் விழுந்தால் அதற்கு முதல் தான் நிலத்தில் முட்டி அடியை வாங்கிக்கொள்ளும் இரும்பு வளையம் அது. கடைக்கார நவ்பர் இரண்டு சோடி எடுத்து வைத்தான். ஒன்று வெள்ளிக் கொலுசு போல மின்னியது, எஞ்சினோடு ஒட்டி நிற்குமாம். மற்றது கறுப்பு. பெற்றோல் தாங்கிக்கு அருகே மேலேறி, எருமைக் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். எல்லோரும் மின்னுகிறதைத்தான் கேட்பார்கள் என்றான். எனக்கும் அதில்தான் கண். ஆனாலும் இரண்டையும் பூட்டி விழுத்திப் பார்ப்போம் என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தான்.

"தம்பி, நான் இதை வடிவுக்கு வாங்கேல்ல. விழ வாங்கிறன். விழுந்து பாக்காமல் என்னெண்டு வாங்கிறது?"

பாவம், கடைக்குப் பின்னால் சாக்கு விரித்தான். மின்னுகிறதைப் பூட்டி விழுத்தினோம். எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பைக் பழையபடி தோசைதான். நான் இழுத்த இழுப்பில் வவுனியாக்குளமே ஒருமுறை அலையடித்தது, பைக் அசையவில்லை. பிறகு கறுப்பு. விழுந்த பைக் அந்தக் கொம்பில் முட்டுக் கொடுத்து, தலையணையில் முழங்கை ஊன்றிப் படுத்த மனிதரைப் போலப் பாதிவழியில் நின்றுவிட்டது. மீதிப் பாதியைத் தூக்கினால் போதும். பைக்குக்கு முதுகைக் காட்டி, சீற்றில் இடுப்பைக் கொடுத்து, காலால் உன்னினேன். எழும்பிவிட்டது.

"அம்மா, இதையே பூட்டிக்கொண்டு போங்கோ," என்றான் நவ்பர்.

திரும்பி வரும்போது பரந்தன் சந்தியில் குறுக்கே ஒரு மாடு. நிற்பாட்டினேன், விழுந்தேன். இந்த முறை சாக்கும் இல்லை. தெருவோரச் சரிவும் மணலும். எதிரே தேத்தண்ணிக் கடையில் இவர் கோப்பையும் கையுமாக இருக்கிறார்.

விழுந்த பைக்கைக் கண்டால் எங்கள் ஊரில் ஒருவரும் சும்மா நிற்கமாட்டார்கள். நாலு திசையில் இருந்தும் ஓடிவந்தார்கள். ஒரு விரல் பட்டாலும் என் பைக் போச்சு. எல்லோருக்கும் முந்தி வந்தவன் சுஜிதன், வங்கியில் பெரிய உத்தியோகம். கழுத்துப்பட்டியைத் தோளில் எறிந்துவிட்டு ஹேண்டிலைப் பிடிக்கக் குனிந்தான்.

"கையை எடடா சுஜிதன். உன்னைத் தூக்கினவளுக்கு இதைத் தூக்கத் தெரியும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் அவன் பின்னால் போய்விட்டான். நான் முதுகைக் கொடுத்து உன்னினேன். மணலில் செருப்பு வழுக்கி, பைக் திரும்பவும் கொம்பில் போய்ச் சாய்ந்தது. கடையில் இவர் எழுந்து நின்றார். செருப்பைக் கழற்றி எறிந்தேன். வெறுங்காலைச் சரிவில் புதைத்து, பல்லைக் கடித்து, ஒரு உன்னல். பைக் நிமிர்ந்தது. யாழ்ப்பாண பஸ் நின்று பார்த்தது. கொழும்பு ரயிலும் மெதுவாகப் போனது என்றுதான் இன்றுவரை சொல்லி வருகிறேன், ஒருவரும் மறுக்கவில்லை.

இவர் வந்து பைக்கைச் சுற்றிப் பார்த்தார். பாரில் மட்டும் கொஞ்சம் பெயின்ட் போயிருந்தது. வெயிலாக இருக்கிறது, முள்ளியவளைக்கு நாளைக்குப் போவோமா என்று மெதுவாகக் கேட்டார். நான் பின் சீற்றைத் துடைத்தேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.

வழியில் தேத்தண்ணிக் கடை ஒவ்வொன்றுக்கும் ஹோர்ன் அடித்தேன், ஆள் பார்க்கவேண்டாமா? விசுவமடு வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வந்தவர், புதுக்குடியிருப்பு தாண்டியதும் என் தோளில் தட்டினார். முன்னால் ஒரு லொறி தூசு கிளப்பிக்கொண்டு போனது.

"உந்த லொறியை முந்து பாப்பம்," என்றார்.