ஏழு வழி வருமானமுள்ள மாட்டுப் பண்ணை

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலையில் நடக்கிறவர்களில் பாதிப் பேர் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார்கள், மீதிப் பேர் வட்டி விகிதத்தைப் பற்றி. வைத்தீஸ்வரன் இரண்டையும் விட்டுவிட்டு மாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும், கூட நடந்தவர்கள் கொஞ்சம் வேகமாக நடக்கத் தொடங்கினார்கள்.

மோட்டார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் முப்பத்து நாலு வருஷம் ஸ்டோர்ஸ் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மாடு என்றால் தாம்பரம் மார்க்கெட் ரோட்டில் குறுக்கே படுத்துக்கொண்டு பஸ்ஸை நிறுத்துகிற மாடு மட்டும்தான் பழக்கம். ஆனால் மொபைலில் வந்த ஒரு விளம்பரம் அவர் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. "குன்றத்தூர் தாண்டி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மாட்டுப் பண்ணை விற்பனைக்கு. இரண்டு ஏக்கர், பதினாலு மாடு, ஏழு வழி வருமானம். நீங்கள் சும்மா இருந்தால் போதும்."

சும்மா இருப்பதில் அவருக்கு இரண்டு வருஷ அனுபவம் இருந்தது.

"ஏழு வழியா? மாட்டுக்குக் காம்பு நாலுதானே?" என்றாள் மனைவி ஞானாம்பாள்.

"இதெல்லாம் பாஸிவ் இன்கம், ஞானம். உனக்குப் புரியாது."

"மாட்டுக்குப் புரியுதான்னு கேட்டுட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் பண்ணைக்குப் போய்விட்டார். வாசலில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் கையில் இரண்டு போனுமாக பாலகுரு நின்றிருந்தான். விளம்பரம் கொடுத்தவன் அவன்தான். சட்டையில் ஒரு பொட்டு சாணி கிடையாது.

"பால் நல்லா வருதா?" என்று வைத்தீஸ்வரன் விவரம் தெரிந்தவர் மாதிரி ஆரம்பித்தார்.

"பாலு கீது சார், அது பாட்டுக்கு ஒரு ஓரமா போய்க்கினு கீது. பாலை வெச்சி எவன் சார் பொழைக்கிறான்? இங்க வாங்க."

கொட்டகைக்குப் பின்னால் வறட்டியைப் பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கி, அட்டைப்பெட்டியில் வைத்து ரிப்பன் கட்டியிருந்தது. கோமியம் பாட்டிலில் இருந்தது, பாட்டிலின் மேல் தாமரைப் படம். வைக்கோல்போர் கல்யாண ஜோடிகள் போட்டோ எடுத்துக்கொள்வதற்காம், அதனால் மாட்டுக்குத் தருவதில்லை. மலைக்கோயிலுக்குப் போகிற கார்கள் வழியில் நின்றால் அகத்திக்கீரைக் கட்டு விற்பனை. ஒரே கட்டை மூன்று காருக்கு விற்கலாம், மாடு மெதுவாகத்தானே தின்னும்? சனிக்கிழமைகளில் ஐடி கம்பெனிக்காரர்கள் மன அழுத்தம் தீர மாட்டைக் கட்டிப்பிடிக்க வருகிறார்கள்.

"அரை மணி நேரம் சார். அழுதாங்கன்னா பத்து நிமிஷம் ஃப்ரீ."

"மாடு ஒண்ணும் சொல்லாதா?"

"அது இன்னா சார் சொல்லும்? அசை போட்டுக்கினு கீது."

வைத்தீஸ்வரன் விரல் விட்டுப் பார்த்தார். ஆறுதான் ஆகியிருந்தது. ஏழாவது அப்போதுதான் புறப்பட்டுக்கொண்டிருந்தது. குட்டி யானை வண்டியில், கொம்புக்கு மஞ்சள் பூசி, கழுத்தில் பூ கட்டி, செவலை நிறத்தில் ஒரு பசு நின்றது. முடிச்சூர் பக்கம் புது அடுக்குமாடியில் கிருகப்பிரவேசம்.

"கயிறு பிடிக்கிற ஆள் இன்னிக்கு லீவு. நீங்களே வாங்க சார். வருமானம் எப்படி வருதுன்னு லைவா பாத்துக்கலாம்" என்றான் பாலகுரு.

இப்படித்தான், பண்ணை வாங்கப் போன வைத்தீஸ்வரன் அரை மணி நேரத்தில் கையில் கயிற்றோடு நின்றார்.

வீடு ஒன்பதாவது மாடி. வீட்டுக்காரர் கேஷவ், பட்டு வேட்டி இடுப்பில் நிற்காமல் அதன்மேல் பெல்ட் போட்டிருந்தார். சாமான் ஏற்றுகிற பெரிய லிஃப்டில் பசு ஏறியது. வீட்டுக்குள் நுழைந்ததும், வழவழவென்ற தரைக்கு விரித்திருந்த ரப்பர் பாயில் நின்றது. இருபது உறவினர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பசு அங்கேயே கோமியம் விட்டது.

"ஆகா, சுபம்!" என்று எல்லோரும் கை தட்டினார்கள். சுபம் மாடுலர் கிச்சன் பக்கம் ஓடத் தொடங்கியதும் கைதட்டல் நின்றது. யாரோ போய்த் துணி தேடினார்கள்.

பூஜை முடிந்தது. பசு கிளம்பவில்லை. வைத்தீஸ்வரன் கயிற்றை இழுத்தார், பாலகுரு பின்னாலிருந்து தள்ளினான். அது நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, கழுத்தை நீட்டி, கட்டடமே அதிரக் கத்தியது.

"கன்னுக்குட்டி எங்க? பசுவும் கன்னும்னுதானே புக் பண்ணேன்?" என்றார் கேஷவ்.

"கன்னு சேலையூர்ல கீது சார். அவங்க மினி பேக்கேஜ்."

வைத்தீஸ்வரனுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரே காலையில் இரண்டு வீட்டில் காசு பார்க்க, தாயையும் பிள்ளையையும் பிரித்து அனுப்பியிருக்கிறான். அவர் கயிற்றை இழுப்பதை நிறுத்தினார்.

வேறு வழியில்லாமல் பாலகுரு ஒரு போனில் மனைவி காந்தாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, வைத்தீஸ்வரன் கையில் கொடுத்தான். விடிகாலையிலேயே பால் கறந்து, டி.வி.எஸ்ஸில் கேன் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் பால் ஊற்றப் போயிருந்தாள் அவள்.

"இன்னா? கன்னைப் பிரிச்சி அனுப்பிச்சியா? அறிவு கீதாய்யா உனக்கு? மாட்டை மேய்ச்சிருந்தா தெரியும். போனை மேய்க்கிறவனுக்கு இன்னா தெரியும்!"

இருபது உறவினர்களும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு காந்தாவின் குரல் மாறியது.

"ஏ செவல... வாடி என் கண்ணு. வூட்டுக்குப் போலாம் வா. புள்ள வந்துடும், வா."

பசுவின் காது திரும்பியது. வைத்தீஸ்வரன் போனை அதன் முகத்துக்கு நேராகப் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்தார். பசு போனைப் பார்த்து நடந்தது. இருவரும் லிஃப்டுக்குள் போனார்கள். பாலகுரு மேலேயே நின்று மீதிப் பணத்துக்காகக் கேஷவிடம் வாதாடிக்கொண்டிருந்தான். கதவு மூடியதும் சிக்னல் போய்விட்டது.

பசு தலையைத் தூக்கியது. லிஃப்ட் ஒரு ஆட்டம் ஆடியது. வைத்தீஸ்வரன் போனைச் சட்டைப் பையில் போட்டார். ஸ்டோர்ஸில் ஆடிட்டர்களிடம் பேசிய குரல்தான் கைவசம் இருந்தது.

"செவலை... கொஞ்சம் பொறுத்துக்கம்மா. அஞ்சாவது மாடி ஆச்சு. தயவு செஞ்சு ஒத்துழைக்கணும்."

பசு அவர் கையை ஒரு தடவை நக்கியது. மூச்சு சூடாக மணிக்கட்டில் பட்டது. முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் யாரும் அவரை நம்பி ஒரு அடி பின்னால் வந்ததில்லை. கீழ்த்தளம் வந்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. இறங்க மனமில்லை.

சேலையூர் போய்க் கன்றையும் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். பண்ணை வாசலில் காந்தா காலி கேன்களோடு நின்றிருந்தாள். முதலில் கன்றை அவிழ்த்துத் தாயிடம் விட்டாள். அது முட்டி முட்டிக் குடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"சார் யாரு?"

"பண்ணையை வாங்க வந்தேம்மா" என்றார் வைத்தீஸ்வரன்.

"எந்தப் பண்ணை?"

பாலகுருவின் இரண்டு போனில் ஒன்றுகூட அந்த நேரம் பார்த்து அடிக்கவில்லை.

"நிலம் எங்கப்பா எனக்கு எழுதிக் குட்த்தது. மாடு அத்தினியும் நான் லோன் போட்டு வாங்கினது. இந்தாளுக்கு விக்கணும்னு ஆசையா இருந்தா அந்த ரெண்டு போனை விக்கட்டும்."

"இல்ல காந்தா, மாட்டை இல்ல... வருமானத்தை மட்டும் விக்கலாம்னு..." என்று இழுத்தான் பாலகுரு.

காந்தா அவனை விட்டுவிட்டு வைத்தீஸ்வரனைப் பார்த்தாள். முழங்கால் வரை சாணி, தோளில் பூ உதிர்ந்து கிடந்தது. "லிஃப்டுல நீங்களா சார் அதுகிட்ட பேசினீங்க? லைன் கட்டானதும் திரும்பக் கூப்ட்டேன், அந்த வூட்டு வாட்ச்மேன் எடுத்து லிஃப்ட் கேமராவுல பாத்ததைச் சொன்னாரு."

"ஆமாம்மா. ஏதோ தெரிஞ்சதைப் பேசினேன்."

காந்தா காலி கேன்களைக் கவிழ்த்து வைத்தாள். "கிருகப்பிரவேசத்தை நீங்க பாத்துக்கங்க. வர்றதுல உங்க பங்கு தர்றேன். ஒரு காலைக்கு ஒரு வூடு. கன்னு இல்லாம மாடு வராது. கட்டிப்பிடிக்கிறதெல்லாம் இன்னியோட க்ளோஸ்."

அன்று சாயங்காலமே வைக்கோல்போர் மாடுகளின் முன்னால் பிரித்துப் போடப்பட்டது. மறுநாள் காலை வந்த கல்யாண ஜோடி மிச்சத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போனது. பாலகுரு கையில் காந்தா மண்வெட்டியைக் கொடுத்தாள். பத்து நாள் சாணி அள்ளினான். பதினோராம் நாள் 'கால்நடைத் தொழில் ஆலோசகர்' என்று கார்டு அடித்துக்கொண்டான். அள்ளுவது மட்டும் நிற்கவில்லை, காந்தா விடவில்லை.

வைத்தீஸ்வரன் இப்போது முகூர்த்த நாட்களில் நாலு மணிக்கு எழுந்திருக்கிறார். காட்டாங்குளத்தூர் வரைக்கும் போய் வந்திருக்கிறார். எந்த வாசலில் இறங்கினாலும் "வந்தாச்சு, வந்தாச்சு" என்று உள்ளே குரல் கேட்கும். கூப்பிடுவது மாட்டைத்தான் என்று தெரியும். இருந்தாலும் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு வீடு திரும்பினார். ஞானாம்பாள் வழக்கம்போல அவரைப் பின்பக்கக் குழாயடியில் நிறுத்திக் கால் கழுவ வைத்தாள். பிறகு ஆறு இட்லி வைத்தாள். அவர் ஏழாவதும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"வர வெள்ளிக்கிழமை பெருங்களத்தூர்னு சொன்னீங்களே" என்றாள் சட்னிக் கிண்ணத்தைப் பார்த்தபடி. "நானும் வரேன். கன்னுக்குட்டியை நான் பிடிச்சுக்கறேன்."

"வண்டியில இடம் இருக்கான்னு பார்க்கணும்" என்றார் வைத்தீஸ்வரன், மேனேஜர் குரலில்.